மூச்சு வாங்கும் விலை

விமானம் இறங்கவே இல்லை.
தரைதான் எழுந்து வந்து சக்கரத்தைத் தொட்டது.
நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம்,
எல் ஆல்டோ,
அதிகாலை நான்கு மணி.
முத்திரை குத்துகிறவர் என் பெயரை
மூன்றாக உடைத்துப் படித்தார்.
திருத்தவில்லை.
ஒரு பெயரைத் திருத்துகிற அளவுக்குக்கூட
நெஞ்சில் காற்று இல்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு இருபது எட்டு.
அதற்குள் மூச்சு வாங்கியது.
ஆறு மாதம் பதினொரு மாடிப் படிகளில்
ஏற்றி இறக்கிப் பழக்கிய கால்கள்
யாருடைய கால்களோ போல நின்றன.
வாங்குவதென்றால் காசு கொடுக்க வேண்டாமா?
மருந்துக்கடைப் பெண்ணிடம் கொடுத்தேன்.
ஒரு சின்ன டப்பா பிராணவாயு,
எழுபது பொலிவியானோ.
"ரெண்டு நாளில் பழகிடும்" என்றாள்.
எது என்று கேட்கவில்லை.
காற்றா, விலையா.

விடிந்ததும் கம்பி வண்டி.
நகரம் ஒரு பெரிய கிண்ணம்.
விளிம்பில் பூசாத செங்கல் வீடுகள்,
அடியில் கண்ணாடிக் கட்டடங்கள்.
இந்த ஊரில் மேட்டுக்குடி
பள்ளத்தில் இருக்கிறது.
இறங்க இறங்கக் காற்று அடர்த்தி,
இறங்க இறங்க வாடகை அதிகம்.

எதிரே காசில்தா போமா.
பெயரை அவளாகவே சொன்னாள்.
உச்சியில் வட்டத் தொப்பி, ஐந்து அடுக்குப் பாவாடை,
மடியில் துணி சுற்றிய தையல் இயந்திரத்தின் தலை,
குழந்தையைப் போல.
கீழே பணக்காரர்களின் திரைச்சீலைகளுக்கு
ஓரம் அடிக்கப் போகிறாள், பத்தொன்பது வருடமாக.
"இறங்கினால் கூலி, ஏறினால் வீடு."
நீ எங்கே என்றாள்.
கண்ணாடிக்கு வெளியே பனியைக் காட்டினேன்.
நடந்தா?
நடந்துதான். எட்டுப் பேர், பதினோரு நாள்.
அவள் மலையைப் பார்த்தாள். பிறகு என் செருப்பை.
"அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?"

விடுதியில் மற்ற ஏழு பேர்.
பல் வைத்தியர் யெர்னெய், பூசானிலிருந்து அக்கா தங்கை,
ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர்,
மற்றவர்களின் முகம் இன்னும் ஒட்டவில்லை.
யாரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை,
யாரும் அதைச் சொல்லவில்லை.
இங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கிறது,
உருளைக்கிழங்கு மட்டும் வேக மறுக்கிறது.

வழிகாட்டி வில்மர் தார்க்கி
விரலைக் கவ்வும் கருவியோடு மேசையைச் சுற்றினான்.
எண்பத்தெட்டு. எண்பத்து மூன்று. தொண்ணூறு.
பரீட்சை முடிவு வந்த கூடம் மாதிரி
ஒருவர் எண்ணை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம்.
என் முறை வருவதற்குள்
கோகா இலைத் தேநீர்க் கோப்பையை
இறுக்கிப் பிடித்து விரலைச் சூடாக்கினேன்.
எண்பத்தாறு.
வில்மர் தலையசைத்தான்.
"தேநீர் தேறிவிட்டது.
இப்போ மற்ற கையைக் கொடு."

எழுபத்து நாலு.

திட்டவில்லை அவன். பைக்குள் கருவியைப் போட்டபடியே,
நாளைக்குக் கீழே போ என்றான்,
தெற்கு வட்டாரத்துக்கு, ஒரு முழு நாள்.
உட்கார், சாப்பிடு, திரும்பி வா.
மலை ஒன்றும் வண்டி பிடித்து ஓடிவிடாது.
அக்காதான் என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.
இரவெல்லாம் தலைக்குள் யாரோ
ஆணி அடித்துப் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை ஆறே முக்காலுக்கு மஞ்சள் வண்டி.
மேலேயிருந்தே நிரம்பி வந்தது.
சிமெண்ட் ஒட்டிய காலணிகள், டிபன் தூக்குகள்,
சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு தாதி.
காசில்தா இருக்கிறாளா என்று தேடினேன்.
இல்லை.
எல்லோரும் வேலைக்கு இறங்குகிறார்கள்,
நான் மட்டும் மூச்சுக்கு.

பக்கத்தில் இருந்தவர் தூங்கிப்போய்
என் தோளில் சாய்ந்தார்.
முதலில் கூசியது.
பிறகு கவனித்தேன்,
அவர் மூச்சில் அவசரமே இல்லை.
உள்ளே, நீண்ட இடைவெளி, வெளியே.
அவருக்குத் தெரியாமல் அதை எண்ணி
என்னுடையதை அதன் மேல் வைத்தேன்.
சில கோபுரங்கள் வரை நழுவியது. அப்புறம் நின்றது.

இடம் வந்ததும், கண் திறக்குமுன்பே எழுந்து,
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.
டப்பாவை இன்னும் திறக்கவில்லை.
தோள் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது.